பின்வரிசையில் நிற்பவர் யார்?

இறந்தோரை நினைவுகூரும் கடமையில் நம் மக்கள் என்றும் பின்தங்கியதில்லை. கல்லறைத் திருநாள் வந்தால் வெள்ளையடித்த சிலுவைகளைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாகக் கூடி நின்று மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். ஆனால் கல்லறையே இல்லாதவர்களுக்கு எங்கே மெழுகுதிரி ஏற்றுவது? கடல் கடந்த காடுகளில் மடிந்து, உடல் ஊர் திரும்பாத போர்வீரர்களுக்கு எஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று, பதிவேட்டில் உள்ள பெயர். மற்றொன்று, பழைய புகைப்படத்தில் உள்ள முகம். இவ்விரண்டையும் தவறின்றி ஒன்றுசேர்ப்பது வாழ்வோரின் பொறுப்பு. அது எளிதெனத் தோன்றும். உண்மையில் அன்பும் உண்மையும் ஒன்றையொன்று சோதித்துப் பார்க்கும் களம் அது. எங்கள் குடும்பம் அக்களத்தில் கற்றுக்கொண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கோட்டையின் நிழலில்

எங்கள் ஊர் தியாகதுருகம். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தோர், ஊரையொட்டி நிற்கும் மலையையும் அதன்மேல் உள்ள கோட்டைச் சிதைவுகளையும் கண்டிருப்பர். 2019-இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ள இவ்வூர், நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூர்ப் படையினர் ஆகிய மூவரும் இக்கோட்டைக்காகப் பொருதினர். 1790-இல் திப்பு சுல்தானின் படை தாக்கியபோது கோட்டையைக் காத்து நின்றவர் கேப்டன் ஃபிளின்ட் என்று வரலாற்று நூல்கள் உரைக்கின்றன. அவருடைய கட்டளைக்குப் பணிந்து அரணில் நின்ற நம் நாட்டுச் சிப்பாய்களின் பெயர்கள் யாவை? மறுபுறம் நின்று மாண்டவர்கள் யாவர்? தளபதியின் பெயர் நூலில் நிற்கிறது. சிப்பாயின் பெயரோ அவனைப் பெற்றவளோடு மறைந்துவிட்டது.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் உலகப் போரிலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. அப்போரில் இந்தியப் படையில் பணிபுரிந்தோர் 25 இலட்சம் பேர். உயிர் நீத்தோர் 87,000-க்கும் மேற்பட்டோர். அந்நாள்களில் எடுக்கப்பட்ட எத்தனையோ படங்களின் கீழ் ஆங்கிலேய அதிகாரியின் பெயர் இருக்கும். உடன் நிற்பவர்கள் "இந்திய வீரர்கள்" என்னும் இரண்டே சொற்களில் அடங்கிவிடுவர்.

அந்த 25 இலட்சம் பேரில் ஒருவர் எங்கள் சின்னத் தாத்தா. எங்கள் பாட்டனாரின் தம்பி. வீட்டில் நிலம் குறைவு. உண்ண வேண்டிய வாய்கள் மிகுதி. 1942-இல், இருபது வயதில், அவர் படையில் சேர்ந்தார். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு அவரை ஏற்றுக்கொண்டது. 1780-இல் தோன்றிய இப்படைப்பிரிவின் பணி, பாலம் அமைப்பது, பாதை வெட்டுவது, கண்ணிவெடிகளை அகற்றுவது. மற்ற படைகள் முன்னேற வழி செய்பவர்கள் இவர்களே. காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் இப்படைப்பிரிவினர்தாம். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தாமே பாய்ந்து, உடனிருந்தோரைக் காத்து உயிர் நீத்தார். இறந்த பின் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அவர் பெயரை உலகம் அறியும். எங்கள் சின்னத் தாத்தாவை எங்கள் தெரு மட்டுமே அறியும்.

பன்னிரண்டு முகங்கள்

பயிற்சி முடிந்ததும் அவர் ஒரு கடிதத்துடன் புகைப்படம் ஒன்றை அனுப்பினார். முன்வரிசையில் ஐவர் அமர்ந்திருக்க, பின்னால் எழுவர் நிற்கின்றனர். எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு எழுத்தறிவு இல்லை. கோயில் உபதேசியார்தாம் கடிதத்தைப் படித்துக் காட்டுவாராம். படத்தை மட்டும் எவர் உதவியும் இன்றி அவரே பார்த்துக்கொள்வாராம்.

1944-இல் பர்மாப் போர்முனையிலிருந்து மரணச் செய்தி வந்தது. அதன்பின் அந்தப் படம் டிரங்குப் பெட்டிக்குள் சென்றது. படத்தின் பின்புறம் எந்தப் பெயரும் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவைதான் என்ன? பெற்றவளுக்குப் பிள்ளையைச் சுட்டிக்காட்ட வேண்டுமா? எல்லாருக்கும் தெரிந்திருந்த ஒன்றை யாரும் எழுதி வைக்கவில்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தபின், அது யாருக்கும் தெரியாத ஒன்றாயிற்று. பழம்படங்கள் பலவற்றின் கதை இதுதான்.

எங்கள் தலைமுறை அப்படத்தைக் கையில் எடுத்தபோது குடும்பத்தில் இரு கட்சிகள் இருந்தன. முன்வரிசையின் நடுவில், மீசையும் மிடுக்குமாக அமர்ந்திருப்பவரே சின்னத் தாத்தா என்பது பெரியப்பாவின் உறுதி. "எங்கள் அப்பாவின் அதே பார்வை" என்பார். இல்லை, முன்வரிசையின் இடக் கோடியில் புன்னகைப்பவரே அவர் என்பது சித்தப்பாவின் வாதம். இருவரும் தம் சிற்றப்பாவை நேரில் கண்டதில்லை. ஆயினும் நவம்பர் மாதம் தோறும் இருவரும் அந்தப் படத்தின் முன் நின்று, வெவ்வேறு முகங்களைப் பார்த்து, ஒரே பெயருக்காகச் செபித்து வந்தனர்.

பெயர் கிடைத்தது

முகத்தைப் பற்றிய வழக்கு தீரும்முன் பெயரைத் தேடினோம். போரில் இறந்தோரின் பெயர்களைக் காத்துவரும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கப்பெற்றது. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டமும் அதன் பராமரிப்பில் உள்ளதே. அதிகாரி, சிப்பாய் என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் ஒரே அளவுக் கல் என்பது அதன் கொள்கை. கல்லறை அறியப்படாதவர்களின் பெயர்களை நினைவுத் தூண்களிலும் சுவர்களிலும் பொறித்துள்ளனர். யாங்கூனுக்கு வடக்கே தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள்; சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேல்.

இப்பதிவேடுகளை இன்று இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஆயினும் ஓர் இடர் உண்டு. நம் கிறிஸ்தவப் பெயர்கள் சிலவே. அவற்றை ஆங்கிலத்தில் எழுதிய விதங்களோ பல. சவரிமுத்து என்னும் ஒரே பெயர் "சவேரிமுத்து" என்றும் "சௌரிமுத்து" என்றும் எழுத்தரின் காதுக்கு ஏற்ப மாறும். ஒரே பெயரில் பலர் இருக்கும்போது நம்மவரைக் காட்டிக்கொடுப்பது படை எண் ஒன்றே. நல்லவேளையாக, அவர் அனுப்பிய மணியார்டர்க் கூப்பன் ஒன்றைக் கொள்ளுப்பாட்டி செபப்புத்தகத்தின் நடுவே வைத்திருந்தார். படிக்கத் தெரியாதவர் காத்து வைத்த செபப்புத்தகம் அது! அந்தக் கூப்பனில் இருந்த எண்ணும் பதிவேட்டின் எண்ணும் ஒத்திருந்தன. சில பதிவுகளில் பெற்றோர் அல்லது மனைவியின் பெயரும் ஊரும் மாவட்டமும் குறிக்கப்பட்டிருக்கும். சின்னத் தாத்தாவின் பதிவில் அவர் தாயின் பெயர் இருந்தது. தென்னார்க்காட்டுக் குடிசையொன்றில் வாழ்ந்த எழுத்தறியா ஏழைப் பெண்ணின் பெயர் உலகப் போரின் பதிவேட்டில் இடம்பெற்றிருந்ததைக் கண்டு நெடுநேரம் பேச்சற்று இருந்தோம்.

அப்பதிவில் மற்றொரு செய்தியும் இருந்தது. இறக்கும்போது அவர் பதவி "சாப்பர்". அதாவது, எந்தப் பட்டையும் பெறாத சாதாரண வீரர். 2019-இல் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது, நடுவில் அமர்ந்திருந்த மீசைக்காரரின் கைச்சட்டையில் மூன்று பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு பட்டை லான்ஸ் நாயக். இரண்டு பட்டை நாயக். மூன்று பட்டை ஹவில்தார். சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத வீரர் ஹவில்தார் ஆக முடியாது. பயிற்சி முடித்த புதியவர்கள் தமக்குப் பயிற்றுவித்த ஹவில்தாரை நடுவில் அமர்த்திப் படம் எடுத்துக்கொள்வது படைகளில் வழக்கம். இது அத்தகைய படமே. சித்தப்பா சுட்டிய புன்னகைக்காரரின் நெற்றியிலோ திருநீற்றுக் கீற்றுகள் மெல்லிதாகத் தென்பட்டன. இருவருமே எங்களவர் அல்லர். பெயர் கிடைத்தது, முகம் கை நழுவிப் போயிற்று.

ஆயாவின் விரல்

அப்போதுதான் ஒருவரை இதுவரை யாரும் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எங்கள் தந்தையாரின் அத்தை, சின்னத் தாத்தாவின் கடைசித் தங்கை, கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து வந்தார். நாங்கள் ஆயா என்று அழைப்போம். அண்ணன் படைக்குச் சென்றபோது அவருக்கு வயது ஒன்பது. பதினேழில் மணமாகி வேற்றூர் சென்றவர். பெண்பிள்ளை என்பதாலும் ஊரில் இல்லாதவர் என்பதாலும் இந்த வழக்கில் அவரைச் சாட்சியாக அழைக்க எவருக்கும் தோன்றவில்லை.

பெரிதாக்கிய படத்தை அவர் மடியில் வைத்தோம். எந்த முகத்தைப் பற்றியும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் முன்வரிசையைப் பார்க்கவேயில்லை. பின்வரிசையின் வலக் கோடியில், பக்கத்து வீரரின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் ஒருவரின்மேல் விரலை வைத்தார்.

"அண்ணன் முன்னாடியெல்லாம் ஒக்காராதுப்பா. எங்க போனாலும் பின்னாடிதான் நிக்கும். இதோ பாரு, கட்டை வெரல மடக்கிக் கைக்குள்ள வெச்சிருக்கு. சின்னதுலேர்ந்து அப்படித்தான். அம்மா திட்டிக்கிட்டே இருக்கும்."

நாங்கள் குனிந்து பார்த்தோம். மற்றவர்கள் படை ஒழுங்குப்படி கட்டைவிரலை வெளியே நீட்டி நிற்க, அந்த ஒருவரின் கையில் மட்டும் கட்டைவிரல் காணப்படவில்லை. எழுபத்தேழு ஆண்டுகளாக அந்தத் தங்கையின் நினைவில் பதிந்திருந்தது அண்ணனின் முகம் அன்று, அவர் கை.

தாயின் கண்ணும் மகனின் நெஞ்சும்

இத்தகைய சாட்சியை எந்த அளவு நம்பலாம்? இக்கேள்விக்கு விடை தேடும்போது, உலகறிந்த போர்ப்படம் ஒன்றின் வரலாறு எங்களுக்குப் பெரிதும் துணைசெய்தது. 1945 பிப்ரவரி 23 அன்று, பசிபிக் கடலின் இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர் அறுவர் கொடி நாட்டும் காட்சியை ஜோ ரோசந்தால் படம்பிடித்தார். கம்பத்தின் அடியில் குனிந்து நிற்பவரின் முதுகு மட்டுமே அதில் தெரியும். டெக்சஸ் மாநிலத்தில் பெல் பிளாக் என்னும் தாய் அப்படத்தைச் செய்தித்தாளில் கண்டதும், அது தம் மகன் ஹார்லன் என்றார். குடும்பத்தினரே நம்பவில்லை. முதுகைக் கொண்டு எப்படிச் சொல்ல முடியும்? அரசும் ஹென்றி ஹேன்சன் என்னும் வேறொருவரின் பெயரையே அறிவித்தது. ஹார்லன் அப்போரிலேயே இறந்துபோனார். 1946-இல், கொடி நாட்டிய அறுவருள் ஒருவரான ஐரா ஹேய்ஸ், அரிசோனாவிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து, தாய் சொன்னதே மெய் என்று அக்குடும்பத்தாரிடம் உரைத்தார். 1947 ஜனவரியில் அரசு திருத்தம் வெளியிட்டது. தாயின் கண் வென்றது.

ஆனால் அதே படத்தில் அன்பு தோற்ற கதையும் உண்டு. அறுவருள் ஒருவர் என்று ஜான் பிராட்லி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றப்பட்டார். அவருடைய மகன் தந்தையையும் அந்தக் கொடியையும் பற்றி 2000-இல் வெளியிட்ட நூல் பெரும்புகழ் பெற்றது. பின்னர், அன்றைய மற்றப் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர் சிலர், பிராட்லி தம் கால்சட்டையின் ஓரத்தை மடித்து விட்டிருந்ததையும், கொடிப் படத்தில் உள்ளவரின் கால்சட்டை அவ்வாறு இல்லாததையும் கண்டனர். 2016-இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை, அறுவருள் பிராட்லி இல்லை என்றும் ஹரால்டு ஷுல்ட்ஸ் என்பவரே இருந்தார் என்றும் அறிவித்தது. 2019-இல் ரெனே காக்னன் என்று கருதப்பட்டவரும் ஹரால்டு கெல்லர் என்று திருத்தப்பட்டார். ஷுல்ட்ஸ் 1995-இலும் கெல்லர் 1979-இலும், தமக்குரிய இடத்தைக் கேட்டுப் பெறாமலேயே இறந்திருந்தனர். பிராட்லியின் மகனோ, அப்படத்தில் இருப்பவர் தம் தந்தை அல்லர் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தந்தையைப் பற்றி நூலே எழுதியவர் அதைச் சொல்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

இவ்வரலாறு புகட்டுவது என்ன? அன்பு கண்டுபிடிக்கும்; ஆனால் அன்பு ஏமாறவும் கூடும். எனவே அன்பு காட்டும் முகத்தைச் சான்றுகளால் சோதிக்க வேண்டும்.

அவ்வாறே சோதித்தோம். ஆயா காட்டியவரின் சட்டையில் பட்டை ஏதும் இல்லை; பதிவேட்டின் பதவியோடு அது பொருந்துகிறது. அவர் காது ஒன்று முழுமையாகத் தெரிகிறது. வளர்ந்தபின் காதின் வடிவம் அதிகம் மாறுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் காவல் துறையில் அடையாள முறையை வகுத்த பெர்ட்டிலான் காதுக்கே தனியிடம் தந்தார். கன்னத்தோடு ஒட்டிய காதுமடல் எங்கள் பாட்டனாருக்கும் உண்டு, பெரியப்பாவுக்கும் உண்டு, படத்தில் நிற்பவருக்கும் உண்டு. இவை அனைத்தும் ஆயாவின் சொல்லுக்கு வலுச் சேர்க்கின்றன. ஆயினும் முற்றிலும் ஐயம் நீங்கியது என்று கூற இயலாது. எனவே பிரதி ஒன்றின் பின்புறம் பென்சிலால் இவ்வாறு எழுதினோம்: "பின்வரிசை வலக் கோடி: சின்னத் தாத்தாவாக இருக்கலாம். தங்கையின் சாட்சி, 2019."

மற்றொரு தாயின் மகன்

பெரியப்பாவை நினைத்தே வருந்தினோம். வாழ்நாளெல்லாம் தம் சிற்றப்பா என்று நம்பி வந்த முகம் அந்நியர் ஒருவருடையது என்றாகிவிட்டதே! சில வாரங்கள் அவர் அந்தப் படத்தைப் பார்க்கவே மறுத்தார். பிறகு அவரே ஒரு பிரதியைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். "இவர் நம்மவர் இல்லையென்றால் வேறு யாரோ ஒருவருடையவர். அவர்களைத் தேட வேண்டாமா?" என்றார். திருவிழா, திருமணம், துக்க வீடு என்று சென்ற இடமெல்லாம் முதியவர்களிடம் அப்படத்தைக் காட்டினார்.

மேல்நாரியப்பனூர் அந்தோணியார் திருத்தலத் திருவிழாவுக்கு வந்திருந்த முதியவர் ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் பார்த்தார். சங்கராபுரம் பக்கத்துச் சிற்றூர்க்காரர். அவர் தந்தை சாப்பர்ஸ் படையில் ஹவில்தாராக இருந்து, போர் முடிந்து ஊர் திரும்பியவர். வீட்டிலிருந்த படமோ முதுமையில் ஓய்வூதியப் புத்தகத்துக்காக எடுக்கப்பட்ட ஒன்றே. மீசை நரைத்திருந்தாலும் முகம் அதுவே. தந்தையின் இளமைத் தோற்றத்தை அம்மகன் முதன்முறையாக எண்பது வயதை நெருங்கும்போதுதான் கண்டார்.

"இவர் உங்கள் அப்பாதாங்க. இத்தனை நாள் எங்கள் வீட்டில் இருந்தார்" என்று சொல்லிப் பெரியப்பா படத்தை அவர் கையில் கொடுத்தார். அந்த நொடியில் அவர் இழந்தது ஒன்றுமில்லை என்றே எங்களுக்குத் தோன்றியது. ஒரு முகத்தின்மேல் நம் பெயரைத் தவறாக எழுதும்போது, இரண்டு பேருக்கு அநீதி இழைக்கிறோம். நம்மவரை அவர் நின்ற இடத்திலிருந்து அகற்றுகிறோம். மற்றவரை அவருடைய பிள்ளைகளிடமிருந்து பிரிக்கிறோம். உண்மையைத் தேடும் முயற்சியும் இறந்தோர்க்கு நாம் ஆற்றும் இரக்கச் செயல்களுள் ஒன்றே.

போர்க் கல்லறைகளில் அடையாளம் தெரியாதோரின் கற்களில், இவரை இறைவன் அறிவார் என்னும் பொருள்படும் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தேர்ந்தளித்தவர் ஆங்கில எழுத்தாளர் ரட்யார்டு கிப்ளிங். அவருடைய ஒரே மகன் ஜான் 1915-இல் பிரான்சின் லூஸ் போர்க்களத்தில் காணாமற்போனான். எவ்வளவோ தேடியும் மகனின் கல்லறையை அறியாமலேயே 1936-இல் கிப்ளிங் மறைந்தார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் தந்த சொற்கள், அவர் மகனுக்கும் உரியவை ஆயின. எங்கள் படத்தில் இன்னும் பத்து முகங்கள் பெயரின்றி நிற்கின்றன. அவர்களை நாங்கள் அறியோம். அறிந்தவர் ஒருவர் உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. எனவே சின்னத் தாத்தாவுக்காகத் திருப்பலிக் கருத்து எழுதும்போது, "அவருடன் நின்றவர்களுக்காகவும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறோம்.

அன்புக்குரிய வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய படம் ஒன்று இருக்கக்கூடும். அதை வெளியே எடுங்கள். வீட்டில் உள்ள மூத்தவரிடம், குறிப்பாக யாரும் கேட்காத மூதாட்டியிடம், எதையும் சொல்லாமல் காட்டுங்கள். அவர் சொல்வதைப் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும். இடமிருந்து வலமாகப் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் குறியுங்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதையும் குறியுங்கள். உறுதியில்லாததை உறுதியென எழுதாதீர்கள். மணியார்டர்க் கூப்பன், பதக்கம், ஓய்வூதியப் புத்தகம் எதையும் பழையதென்று எறியாதீர்கள். இந்தியப் படையினரின் பதக்கங்கள் பலவற்றில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும்.

இதை நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம். படத்தை ஆயாவின் மடியில் நாங்கள் வைத்த இரண்டாம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். மடக்கிய கட்டைவிரலை அறிந்திருந்த கடைசி மனிதர் அவரே.